உதைத் திருகு

ராய்ஸ் ஆஸ்ட்ராண்டர் ஞாயிற்றுக்கிழமை காபிக் கடையில் சொன்னது, தீவனக் கடை வெண்டல் வழியாகச் செவ்வாய்க்கிழமைதான் மார்வாவின் காதுக்கு வந்தது. ஆல்டர் கிரீக் ஊரில் எந்தப் பேச்சும் இவ்வளவு மெதுவாக நடந்ததில்லை. ஊரே தன்னைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, தான் மட்டும் ஒன்றும் தெரியாமல் எல்லோருக்கும் சிரித்துக் கையாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்பதிலேயே மார்வாவுக்குப் பாதி ரத்தம் கொதித்துவிட்டது.

"கோவிச்சுக்காத மார்வா. நான் சொல்லல, ராய்ஸ் சொன்னான்," என்று வெண்டல் கல்லாவுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு ஆரம்பித்தான். "நீ மாட்டிக்குடுத்த பிரேக் பெட்டி ஹாலோவே கணவாய் இறக்கத்துல கை விட்டுடுச்சாம். டிரெய்லர்ல பிரேக்கே இல்லையாம். குதிரையோட அவ்வளவு கனமும் பின்னாலேருந்து தள்ளுதாம். முன்னாடி பிக்கப்போட பிரேக் புகைய ஆரம்பிச்சுடுச்சாம். தறிகெட்டு வர்ற லாரிய ஏத்தி நிறுத்துறதுக்கு ஒரு சரளை மேடு இருக்குல்ல, அதுல கொண்டுபோய்ச் சொருகித்தான் நிறுத்துனானாம். நல்லவேளை, குதிரைங்களுக்கு ஒரு கீறல் இல்ல."

"எப்போ?"

"போன வாரம். ட்வைலாவுக்குத் தோள் எலும்பு போனது அதுலதானே. ஏன், உனக்குத் தெரியாதா?"

மார்வாவுக்குத் தெரியாது. தங்கை ட்வைலா போனில் சொன்னது வேறு. தொழுவத்துப் படியில் வழுக்கி விழுந்தேன், ஒன்றுமில்லை, சின்னதாக எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்றாள். மார்வாவும் நம்பி, ஒரு பானை நிறைய மிளகாய்க் கறியும் பட்டைப்பொடி ரொட்டிச் சுருளும் செய்து அனுப்பினாள். வலிக்கு மாத்திரை போட்டாயா என்று தினமும் கேட்டாள். ஆக, சொந்தத் தங்கை பொய் சொல்கிறாள், தங்கை புருஷன் ஊரெல்லாம் தன் பெயரை நாறடிக்கிறான், தான் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறோம். வாங்க வந்த உப்புக்கட்டியைக் கல்லா மேலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள். கதவை அவள் சாத்திய சத்தத்தில் தீவனக் கடைப் பூனை எழுந்து உள்ளே ஓடியது.

மார்வா லிண்ட்குவிஸ்ட் அந்தப் பள்ளத்தாக்கில் டிரெய்லர் கடை வைத்திருப்பவள். பிக்கப் வாங்குகிற யாரும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். குதிரையோ மாடோ வைக்கோலோ, பின்னால் எதையாவது கட்டி இழுக்காத பிக்கப் அங்கே கிடையாது. பின்னால் கட்டியது மலையிறக்கத்தில் தள்ளாமலிருக்க அதற்கும் தனியாக பிரேக் வேண்டும். அந்த பிரேக்குக்கு மின்சாரம் அனுப்புகிற பெட்டியை ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் மாட்டுவது மார்வாவின் வேலை. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. ஓட்டுகிறவன் காலால் பிரேக்கை மிதித்தால், பெட்டி பின்னால் இருக்கும் சக்கரங்களையும் பிடிக்கச் சொல்லும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்குப் பெட்டியில் ஒரு சின்னத் திருகு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. அந்தத் திருகுக்குப் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்கிற பெயர் 'உதை'. "உதை எத்தனைல வெச்சிருக்க?" என்று கேட்டுக்கொள்வார்கள். பெட்டி செய்தவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கும், அதை யாரும் கேட்டதில்லை.

ராய்ஸின் பண்ணைக்குள் வண்டியைத் திருப்பியபோது ட்வைலா வீட்டு வாசலில் வலது கையைத் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். மார்வா வண்டியை அணைக்கவும் இல்லை.

"எந்தப் படி?"

"மார்வ், கத்தாத."

"எந்தப் படியில வழுக்கி விழுந்தேன்னு கேக்குறேன். காட்டு. நான் அந்தப் படியப் பாக்கணும்."

"சொன்னா நீ இப்படி வந்து நிப்பேன்னு தெரியும். அதான் சொல்லல. இப்ப வந்து நிக்கிற பாரு."

"சாகப் பொழைக்க இருந்திருக்க, எனக்கு வெண்டல் சொல்லித் தெரியணுமா? தீவனக் கடைக்காரன்? அவனுக்குத் தெரியுது, அவன் பூனைக்குத் தெரியுது, எனக்குத் தெரியல!"

ட்வைலாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தோள் வலித்து முகம் சுருங்கியது. அதைப் பார்த்ததும் மார்வாவின் கோபம் அவளை விட்டுவிட்டுத் தொழுவத்துப் பக்கம் திரும்பியது.

ராய்ஸ் அங்கே பேர்ல் என்கிற சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பேர்ல் சினையாக இருந்தாள். ராய்ஸ் நிமிர்ந்து பார்த்துத் தொப்பியைத் தொட்டான். அவன் யாரிடமும் குரலை உயர்த்துகிறவன் இல்லை, மார்வாவுக்கு அவனிடம் ஆகாததே அதுதான். கத்துகிறவனோடு சண்டை போடலாம். தலையணையோடு என்ன சண்டை போடுவது?

"வா மார்வா. உன் பெட்டி எங்களக் கொல்லப் பாத்துச்சு."

"என் பெட்டியா?"

"மூணு தடவ உன்கிட்ட கொண்டாந்தேன். மூணு தடவையும் நல்லாத்தான் இருக்குன்னு திருப்பி அனுப்புன."

"நல்லாத்தான் இருந்துச்சு!"

"உன் கடையில நல்லா இருக்கு. மலையில செத்துப் போவுது. உன்னக் கண்டா மட்டும் நல்ல பிள்ளையா நடிக்குது போல." அவன் பேர்லின் காலை மெதுவாகக் கீழே வைத்தான். "நீ வேணும்னு பண்ணேன்னு நான் சொல்லல. எங்கயோ ஒரு ஒயரு. மனுசன்னா தப்பு வரும்."

மன்னிப்பது போல அவன் இதைச் சொன்னதுதான் மார்வாவுக்குத் தாங்கவில்லை. வேலை செய்த இத்தனை வருடத்தில் அவள் மாட்டிய பெட்டியால் ஒரு கோழிகூடச் செத்ததில்லை. அந்த வாரம் வர வேண்டிய ஒரு பிக்கப் வராமல் போனதற்கும், இன்னொருவன் போனை எடுக்காததற்கும் இப்போதுதான் காரணம் விளங்கியது.

"சரி. வண்டிய என்கிட்ட விடு. பிரிச்சு மேயறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். சனிக்கிழமை குதிரைங்கள மலைக்கு அந்தப் பக்கம் எறக்கணும். மேல பனி விழுந்துடுச்சு, இனிமே புல்லு இல்ல."

"யார் போறது?"

"நானும் ட்வைலாவும்."

"எலும்பு ஒடைஞ்சவளா?"

"அவ குரல் கேக்காட்டி பேர்ல் ஏறவும் மாட்டா, எறங்கவும் மாட்டா. சும்மா உக்காந்துதானே வரப் போறா."

மார்வா திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற தங்கையைப் பார்த்தாள். ட்வைலா தரையைப் பார்த்துத் தலையாட்டினாள். சனிக்கிழமை காலை இவள் மறுபடியும் இதே வண்டியில், இதே இறக்கத்தில் உட்கார்ந்து போகப்போகிறாள். அதற்குள் கோளாறு எங்கே என்று மார்வா கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் இந்தத் தடவை சரளை மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில்தான் போய் நிற்பார்கள். பெயர் கெட்டது, வாடிக்கை போனது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

புதன்கிழமை முழுக்க அவள் டிரெய்லருக்கு அடியில் குளிர்ந்த தரையில் மல்லாந்து கிடந்தாள். பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கிற ஏழு ஊசி பிளக்கைக் கழற்றி, களிம்பு ஏறிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தாள், முறுக்கிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். எர்த் ஒயரைத்தான் அவள் ரொம்பச் சந்தேகப்பட்டாள். அது அறுந்துபோனால்கூட, டிரெய்லரின் கொக்கி பிக்கப்பின் இரும்பு உருண்டை மேல் உட்கார்ந்திருக்கும் தொடுதலிலேயே மின்சாரம் திரும்பிவிடும். கடையில் நிற்கும்போது எல்லாம் வேலை செய்யும். ரோட்டில் கொக்கி குதிக்கக் குதிக்க மின்சாரம் விட்டு விட்டு வரும். இது மாதிரி இரண்டு வேடம் போடுகிற கோளாறுகளை அவள் பார்த்திருக்கிறாள். இதில் அதுவும் இல்லை. எர்த் ஒயர் அவள் மாட்டிய அன்று போலவே இறுக்கமாக இருந்தது.

சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றிவிட்டாள். பெட்டியில் கையால் அழுத்துகிற நெம்புகோல் ஒன்று உண்டு. அதை அழுத்தியபோது சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் கழுத்தைப் பிடித்தது போல நின்றது. நான்கும் நின்றன. வண்டியைக் கடைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில் ஓட்டிப் போய் பிரேக்கை மிதித்தாள். டிரெய்லர் பிக்கப்பைப் பின்னால் பிடித்து இழுத்தது, சரளையில் இரண்டு கோடு விழுந்தது. உதை ஆறில் இருந்தது. அவள் வைத்துக் கொடுத்த அதே ஆறு.

வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் சக்கரத்தை இரண்டு கையாலும் அடித்தாள்.

கோளாறு இருந்தால் சரி செய்யலாம். கோளாறே இல்லாததை எப்படிச் சரி செய்வது? வியாழக்கிழமை பெட்டியையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டி மாட்டினாள். பழைய ஒயரை உருவிவிட்டுப் புது ஒயர் இழுத்தாள். இதெல்லாம் பயத்தில் செய்கிற வேலை என்று அவளுக்கே தெரிந்தது. எது பழுது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுகிறவர்களைப் பார்த்து இத்தனை நாள் அவள் சிரித்திருக்கிறாள். ஒருவேளை ராய்ஸ் சொல்வதுதான் சரியோ, தன் கைதான் எங்கோ தப்பியிருக்கிறதோ என்று அவளே பயந்தாள். அந்தப் பயம் வந்ததற்காக ராய்ஸ் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய், செவ்வாய்க்கிழமை அங்கேயே விட்டுவந்த தன் வண்டிக்குப் பக்கத்தில், அவன் முற்றத்தில் நிறுத்தினாள். சாவியைக் கொடுக்கவில்லை.

"குதிரைய ஏத்து."

"இப்பவா? நாளைக்குத்தானே..."

"கடையில நடிக்குது, மலையில சாவுதுன்னு சொன்னல்ல? குதிரையோட எப்படி இருக்குன்னு நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு இறக்கம் இருக்கு. அதுல நீ ஓட்டு, நான் பாக்குறேன். எப்பவும் எப்படி ஓட்டுவியோ அப்படியே ஓட்டு. எனக்காக ஒண்ணும் மாத்தாத."

ராய்ஸுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஜட்ஜ் என்கிற கிழட்டு ஆண்குதிரை தானாகவே ஏறிக்கொண்டது. பேர்ல் வாசலில் நின்று அடம் பிடித்தாள். ட்வைலா அருகில் போய் இடது கையால் அவள் கழுத்தைத் தட்டி, "வாடி என் ராசாத்தி, வா, ஒண்ணுமில்ல வா," என்று முணுமுணுத்ததும், பெரிய மனசு பண்ணி உள்ளே போனாள். ராய்ஸ் கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, கம்பி வழியாகப் பேர்லின் மூக்கைத் தடவினான். ட்வைலா பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். மார்வா முன்னால் உட்கார்ந்தாள்.

ராய்ஸ் ஏறிக் கதவைச் சாத்தினான். தொப்பியைக் கழற்றி டேஷ்போர்டில் கவிழாமல் வைத்தான். பெல்ட்டை இழுத்து மாட்டினான். மார்வா நீட்டிய சாவியைப் போட்டுத் திருப்பினான். பிறகு அவன் வலது கட்டைவிரல் பெட்டியின் மேல் போய், திருகைக் கீழ்நோக்கி ஒரே உருட்டாக உருட்டிவிட்டது. கண்ணால் அதைப் பார்க்கக்கூட இல்லை. "மேற்க மேகம் கட்டுது பாரு," என்று சொல்லிக்கொண்டே செய்தான். படுக்கப் போகும் முன் விளக்கை அணைப்பவன் அதை ஒரு வேலை என்று நினைப்பானா? அப்படிச் செய்தான்.

மார்வா பெட்டியைப் பார்த்தாள். பூஜ்யம்.

அவளுக்கு வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வண்டி முற்றத்தைத் தாண்டி, பாலத்தை நோக்கி இறங்க ஆரம்பித்தது.

"பிரேக்கப் போடு," என்றாள்.

ராய்ஸ் மிதித்தான். பிக்கப்பின் மூக்கு கீழே அமுங்கியது. டிரெய்லர் நிற்க மனசில்லாமல் பின்னாலிருந்து முட்டியது. உள்ளே குதிரைகள் தடதடவென்று காலை மாற்றி வைத்தன. வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஒருவழியாக நின்றது.

"பாத்தியா?" என்றான் ராய்ஸ். குரலில் ஒரு வெற்றி. "இதத்தான் சொன்னேன். இப்ப நம்புறியா?"

"ஏறினதும் என்ன பண்ணுன?"

"எது?"

"வெரலால. பெட்டியில."

"ஓ, அதுவா? உதையக் கொறைச்சேன்." ஏன் இதையெல்லாம் கேட்கிறாள் என்பது போல அவளைப் பார்த்தான். "குதிரை ஏத்தியிருக்கோம்ல."

"ஏத்தினா?"

"ஏத்தினா கொறைக்கணும்ல. இல்லாட்டி உதைச்சுத் தள்ளிடும், பாவம், முட்டி போட்டு விழுந்துடுங்க. எங்கப்பாவோட வண்டியில அப்படித்தான் ஒரு குட்டிக்குக் காலு போச்சு. குதிரை இருந்தா எல்லாரும் கொறைக்கிறதுதானே, புதுசா கேக்குற?"

"என்கிட்ட கொண்டு வரும்போது ஆறுல இருந்துச்சே!"

"காலி வண்டிதானே உன்கிட்ட கொண்டு வர்றேன். யாருக்கு நோகப் போவுது? எறக்கினதும் ஏத்தி வெச்சுடுவேன், எப்பவும்."

மார்வாவுக்குக் காது அடைத்தது. இரண்டு நாள் குளிர்ந்த தரையில் கிடந்தது, ஒயர் ஒயராக உருவியது, தன் கை தப்பிவிட்டதோ என்று பயந்து செத்தது, எல்லாம் இந்தக் கட்டைவிரலுக்காக.

"ராய்ஸ், அது பூஜ்யத்துல இருந்தா பிரேக்கே கிடையாது. கொஞ்சங்கூடக் கிடையாது. கனம் ஏறினா கூட்டணும்டா, கொறைக்கிறதா? கல்லக் கட்டிக்கிட்டு மலையிலேருந்து எறங்குற மாதிரி எறங்கியிருக்க. என்ன மனுசன் நீ!"

"அது எப்படி? உதைதானே கொறையும்? பிரேக்கு அது பாட்டுக்கு இருக்கும்ல?" அவன் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தான். "நீதானே சொன்ன? மாட்டிக் குடுத்த அன்னிக்கு, இந்தக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு. 'இது உதை, கூட்டினா நல்லா உதைக்கும், கொறைச்சா உதைக்காது'ன்னு. உன் வாயால."

மார்வா சொல்லியிருப்பாள். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறாள். உதை என்றால் பிரேக்கேதான் என்று தனக்குத் தெரிந்ததால் கேட்பவனுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாள். குதிரையை நேசிக்கிற ஒருவனிடம் போய் உதை என்று சொன்னால் அவன் அதைக் குறைக்காமல் என்ன செய்வான்? அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவள் கையை நீட்டித் திருகை ஆறுக்கு உருட்டினாள்.

"ஆமா, சொன்னேன். தப்பான வார்த்த. இப்ப ஓட்டு. ஓட்டி, மிதி."

இறக்கத்தின் மிச்சத்தில் அவன் ஓட்டினான், மிதித்தான். டிரெய்லர் பின்னாலிருந்து அடக்கமாகப் பிடித்துக்கொண்டது. பிக்கப் மூக்கை அமுக்கவில்லை, யாரும் முன்னால் சாயவில்லை. பாலத்துக்கு நன்றாக முன்பே வண்டி அலுங்காமல் நின்றது. ராய்ஸ் கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்.

"பேர்ல் வைக்கோல மென்னுக்கிட்டு நிக்கிறா! ஒண்ணுமே ஆகல! அட, இவ்வளவுதானா? இது தெரியாம ஊரெல்லாம்..." ஏறி உட்கார்ந்து மார்வாவின் தோளில் தட்டினான். "உன் பெட்டி மேல தப்பில்ல. காபிக் கடையில நானே சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், போதுமா? நாளைக்கு நிம்மதியா எறக்கிடலாம்."

செவ்வாய்க்கிழமையிலிருந்து மார்வா கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். கேட்டும்விட்டாள். பரவாயில்லை, ஆள் முட்டாள், அயோக்கியன் இல்லை என்று மனசு இறங்கத் தொடங்கியபோது பின் இருக்கையிலிருந்து ட்வைலா பேசினாள்.

"மார்வ். இப்ப நீ உருட்டின மாதிரி அன்னிக்கு உருட்டியிருந்தா நின்னிருக்குமா?"

"எப்போ?"

"கணவாய்ல. புகை வந்தப்போ. நான் கையக் கொண்டுபோனேன். உதையக் கூட்டு ராய்ஸ், கூட்டுன்னு கத்தினேன். கூட்டியிருந்தா நின்னிருக்குமா?"

மார்வா ராய்ஸைப் பார்த்தாள். ராய்ஸின் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"நின்னிருக்கும்," என்றாள் மார்வா. "அந்த மேட்டுக்குப் போகவே வேண்டாம். ரோட்லயே நின்னிருக்கும்."

"நீ என் கையத் தட்டிவிட்ட," என்றாள் ட்வைலா.

"ட்வைலா, அது..."

"தட்டிவிட்டுட்டு, 'வேண்டாம், பேர்ல் விழுந்துடுவா'ன்ன."

"அவ வயித்துல குட்டி இருக்குடி! நான் என்ன கண்டேன், அதுல பிரேக்கே இல்லன்னு? பெட்டி செத்துடுச்சுன்னுதான் நான்..."

"பெட்டி செத்துடுச்சுன்னா என் கைய ஏன் தட்டின?" ட்வைலா குரலை உயர்த்தவே இல்லை. இத்தனை வருடம் அவனோடு இருந்து அவளும் கத்த மறந்துவிட்டாள். "செத்த பெட்டி எப்படி அவளக் கீழ தள்ளும்? கூட்டினா பிடிக்கும்னு உனக்குத் தெரியும். பிடிச்சா அவ விழுவான்னு பயந்த. அந்தப் பக்கம் பள்ளம் இருந்துச்சு. என் பக்கம்."

ராய்ஸ் டேஷ்போர்டிலிருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வண்டி நின்னதும் நீ பின்னாடி ஓடின. என் கதவத் திறந்தது பின்னால வந்த ஒரு லாரிக்காரன். யாரோ பேர் தெரியாதவன். எங்க வலிக்குதுன்னு அவன் கேட்டான். நீ திரும்பி வந்து, ரெண்டுக்கும் ஒரு கீறல் இல்லன்னு சொன்ன. நானும் நல்லவேளைன்னு சொன்னேன். பைத்தியக்காரி மாதிரி, நல்லவேளைன்னு சொன்னேன்." அவள் இடது கையால் கதவைத் திறந்தாள். "இதச் சொன்னா மார்வா உன்னக் கொன்னுடுவான்னு படியில விழுந்தேன்னு பொய் வேற சொன்னேன்."

மார்வாவுக்கு அவனைக் கொன்றால் தேவலை என்றுதான் இருந்தது. கழுத்தைப் பிடித்து அந்தப் பெட்டியிலேயே அவன் மூக்கைத் தேய்க்கலாம் போலிருந்தது. நான்கு நாளாக மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்த கோபம் அவளிடம் இருந்தது. ஆனால் ட்வைலா இப்போது வைத்திருந்ததற்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. மார்வாவுடையது வெறும் சத்தம்.

ட்வைலா இறங்கி மேட்டில் வீட்டை நோக்கி நடந்தாள். மார்வாவும் இறங்கினாள்.

"ட்வைலா! அட, நில்லு! பேசலாம்!" ராய்ஸும் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். அந்த நேரம் பார்த்து ஜட்ஜ் டிரெய்லரின் தகரத்தை ஓங்கி ஒரு உதை விட்டது. உள்ளே பேர்ல் கனைத்தாள். ராய்ஸ் மேட்டைப் பார்த்தான், டிரெய்லரைப் பார்த்தான். "ஒரு நிமிசம்," என்று சொல்லிவிட்டு டிரெய்லர் பக்கம் போனான். "ஓ, ஓ, ஒண்ணுமில்லடி, நான் இருக்கேன்," என்ற அவன் குரல் கேட்டது.

ட்வைலா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

வீட்டுக்குள் போய் மாத்திரைப் புட்டியையும் இரண்டு சட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மார்வா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தான் கத்திவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். தன் வண்டியின் கதவைத் திறந்து தங்கையை ஏற்றினாள். பிறகு பெல்ட்டை இழுத்தாள். அது உடைந்த தோளின் மேலேதான் குறுக்காக வர வேண்டியிருந்தது.

"வேண்டாம் மார்வ், நோகும். கொஞ்ச தூரந்தானே."

"நோகட்டும்," என்றாள் மார்வா, பெல்ட்டைக் கொக்கியில் அழுத்தி மாட்டினாள்.

ட்வைலா கண்ணை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மார்வா வண்டியைக் கிளப்பினாள்.